நாற்பத்திரண்டாவது பாட்டு

மூன்றாவது பாட்டில் வரவேண்டிய இருமல் வரவில்லை.

கமருன்னிஸா தையல் மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். நான்கு நாளாக விடாத ஐப்பசி மழை; ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் கொல்லையில் கவிழ்த்துவைத்த அண்டாவின் மேல் ஒரே தாளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது; மிஷின் எண்ணெய் வாடையும் காயாத துணியின் முடைநாற்றமும் அறையை அடைத்திருந்தன. அலமாரி மேலிருந்த சின்ன ஸ்பீக்கரில் அவள் புருஷன் மீரா சாகிப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது அடி முடிந்ததும் இருமுவார். "இரு கமரு, தொண்டை கட்டிக்கிச்சு" என்று சிரிப்பார். பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும்.

இன்று எதுவும் இல்லை. குரல் வழுக்கிக்கொண்டு மூன்றாவது அடிக்குப் போய்விட்டது.

கத்தாரில் டிரைவராக இருந்தவர் அவர். கடைசி ஒன்பது, பத்து மாசம், வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து, தானே வார்த்தை கட்டி ஒரு பாட்டுப் பாடி, பாட்டு ஆப் ஒன்றில் ஏற்றி அவளுக்கு அனுப்புவார். மொத்தம் நாற்பத்தொன்று. பிறகு ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கமருன்னிஸா முகம் பார்க்கவில்லை. திருத்துறைப்பூண்டிக்கு வந்து சேர்ந்தது குரல் மட்டும்தான். அந்த இருமலில்தான் அவருக்கு உடம்பு இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தாள். 'உங்கள் பாடல்கள் மேம்படுத்தப்பட்டுள்ளன' என்று பூப்போட்ட எழுத்தில் ஒரு வரி.

தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் அனீஸாவைக் கூப்பிட்டாள்.

"அப்டேட் ஆயிருக்கும்மா. நீங்க ஓகே குடுத்தீங்களா?"

"எவன் என்கிட்ட கேட்டான்? ஒரு மாசமா 'இப்போதே', 'பிறகு'ன்னு ரெண்டே கட்டம்தான் காட்டுனான். 'வேண்டாம்'னு ஒரு கட்டமே இல்ல. நானும் பிறகு, பிறகுன்னுதான் அமுக்கிட்டு வந்தேன்."

"பிறகுன்னா ஒருநாள் சரின்னுதாம்மா அவங்களுக்கு அர்த்தம்."

"பழசு போன்ல இருக்குமில்ல?"

"போன்ல இல்லம்மா. அவங்க கம்பெனியில இருக்கு. கேக்குறதுக்கு மட்டும்தான் நமக்கு விட்டிருக்காங்க."

"உங்கத்தா பாடுனதை நான் கேக்க அவன் யாருடி விடுறதுக்கு?"

அன்றே கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினாள். தேன் தடவிய ஒரு பெண்குரல் எடுத்தது. மனுஷியா மிஷினா என்று பிடிபடவில்லை. தேவையற்ற ஒலிகளை நீக்கியிருக்கிறோம் என்றது.

"இருமுனது என் மச்சான். அது தேவையா தேவையில்லையான்னு நீ யாரு சொல்ல?"

"உங்கள் உணர்வு புரிகிறது, மேடம். முந்தைய பதிப்பு இப்போது இல்லை."

மூன்று நாள் கத்தினாள். கெஞ்சவில்லை, ஏசினாள். பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்துமளவுக்கு ஏசினாள். அந்தக் குரல் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில் அதுவும் மூச்சு வாங்கியது. வேண்டுமென்றே அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

நான்காம் நாள் அசர் தொழுதுவிட்டு வந்தபோது பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக ஒரு பாட்டு இருந்தது.

அவள் தொடவில்லை. அதுவே பாடியது.

மீரா சாகிப்பின் குரல். விடாத மழையைப் பாடியது. வயலில் அழுகும் சம்பா நாற்றைப் பாடியது. கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும் அண்டாவைப் பாடியது. அந்த அண்டா அவர் செத்த பிறகு வாங்கியது.

பாட்டு நின்றது.

"கோவப்படாதடி கமரு."

அவர் ஒருநாளும் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"யாருடா நீ?" என்றாள். "என் மச்சான் வாயில உக்காந்துக்கிட்டுப் பேசுற நாயி, யாருடா நீ?"

பதில் வந்தது. ஒரு இருமல். பழைய இருமல் இல்லை. அவள் கேட்டாளே என்று செய்துகொடுத்த இருமல்.

ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள். ஆப்பை அழிக்கப் பார்த்தாள். விரலை எடுத்ததும் அதே இடத்தில் முளைத்தது. போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு, மழையில் நடந்தாள். முள்ளியாறு கரையை முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடியது. கையில் இருந்த பலமெல்லாம் திரட்டிப் போனை வீசினாள்.

"போ. நாப்பத்தொண்ணும் போவட்டும். உன்கிட்ட இருக்கிறதுக்கு அது செத்தே போவட்டும்."

தண்ணீர் ஒரு தடவை விலகி மூடிக்கொண்டது. அவர் இறந்த சேதி வந்த அன்றுகூட அழாத அழுகை அழுதாள். அழுது முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

தெரு திரும்பும்போது மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. கரண்ட் இல்லை. எல்லா வீடும் இருட்டு. அவள் வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

உள்ளே மீரா சாகிப் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

போன் இல்லை. ஒயர் இல்லை. கரண்ட் இல்லை.

"வேற பாட்டு வேணுமா, கமரு?"

வேணும். பழசு வேணும். அந்த இருமல் வேணும். சொல்ல வாயைத் திறந்தாள்.

உள்ளே, இருட்டில், ஒரு பெண் முந்திக்கொண்டு சொன்னாள்.

"வேணாம் மச்சான். இதுவே போதும்."

நிதானமான குரல். கோபம் துடைத்தெடுத்த குரல். 'ச்சா'வில் லேசாகத் தட்டும் நாக்கு. அவளுடைய நாக்கு.

கமருன்னிஸா கத்தினாள். தொண்டை விரிந்தது. நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது.

மறுபடி கத்தினாள்.

காற்று.

உள்ளே அந்தப் பெண் சிரித்தாள். கால் சதங்கை போலச் சின்னச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவள் சிரித்தது.

"கம்பெனிக்காரங்க என்ன செஞ்சாலும் சரிதான் மச்சான். எனக்குச் சம்மதம்."

பிறகு குரல் தாழ்ந்தது.

"மச்சான்... வாசல்ல யாரோ பொம்பளை நிக்கிறா. வாயைத் தொறந்துக்கிட்டே நிக்கிறா."

இரண்டு பேர் நடந்து வரும் சத்தம். ஈரமில்லாத பாதங்கள்.

கதவு அவள் முகத்தருகே மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.