இதே மாதிரியான கணினி: ஒன்று

காணாமல் போவதற்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார் ஜெமீல் நானா. வவுனியாவில் கணினி திருத்துகிற அவரிடமும் ஷிஹானா இருநூற்றைம்பதைக் குறைத்துவிட்டாள். உயிரைக் காப்பாற்ற வந்த இடத்திலும் பேரம் பேசாமல் இருக்கமுடியாத வளர்ப்பு. முல்லைத்தீவில் அச்சகம் வைத்திருக்கும் கணவன் றிஸ்வானிடமிருந்து ஓடிவந்தவள் அவள். "எங்க போனாலும் தேடிவந்து முடிப்பன்" என்று அவன் சொன்னது வெறும் வாய்ச்சவடால் அல்ல. அவன் முறித்த வலது மணிக்கட்டு இன்னும் நேராகவில்லை.

நானா அவளது மடிக்கணினியில் இருப்பிடத்தை நிறுத்தி, பழைய கணக்குகளை அழித்து, "இனி எல்லாரையும் போல இருங்கோ" என்று சொல்லிக் கொடுத்தார். அவளுக்கு அது போதவில்லை. கொடுத்த காசுக்கு மேலாகவே பூட்டினாள். கணினியின் மொழியைத் தமிழாக்கினாள். நேரத்தை லண்டனுக்கு மாற்றினாள். கண்ணில் பட்ட தடைகளையெல்லாம் போட்டாள்.

அழிக்காமல் விட்டது ஒன்றை மட்டும்தான். கலியாணக் கார்ட்டுகளுக்கென்று அவளது கையெழுத்தைப் பார்த்து றிஸ்வான் ஓர் எழுத்துருச் செய்திருந்தான். கை முறிந்த பிறகு அவளால் அப்படி எழுத முடியவில்லை. அவளுடைய கையெழுத்து உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தக் கோப்பில் மட்டும்தான். இப்போது அவள் செய்து விற்கிற கார்ட்டுகளில் அதைத் தொடுவதேயில்லை, சும்மா வைத்திருந்தாள்.

நெளுக்குளத்து வாடகை வீட்டில், யன்னல்களெல்லாம் சாத்தி, ஈரச்சாக்கின் மணம் தேங்கிநின்ற பின்னேர இருட்டில், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனக, வேறு பெயரில் கார்ட் வடிவமைத்துக்கொண்டிருந்தவளுக்குப் புளியங்குளத்து வாடிக்கையாளர் என்று ஒருவர் இணைப்பு அனுப்பினார். திறந்தாள். "நூறு கார்ட் அடிக்க என்ன விலை?" சாதாரணக் கேள்விதான்.

ஆனால் அது அவளுடைய கையெழுத்தில் இருந்தது. 'ழ'வின் வால் வழமையைவிட ஒரு சுழி கூட. அது அவளுடைய சுழி.

நானாவுக்கு அந்த இணைப்பை அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"திறந்தீங்களோ? எழுத்து எப்பிடி இருக்கு?"

"எழுத்து எழுத்து மாதிரித்தான் இருக்கு. ஏன் புள்ள, உங்களுக்கு அரபியிலயா வருது?"

"எண்ட கையெழுத்தில வருது, நானா."

நானாவின் சிரிப்பு நின்றது. "பக்கத்தைச் செய்தவன் அந்த எழுத்தைப் பேர் சொல்லிக் கேட்டிருக்கான். அது இருக்கிற கணினியில அப்பிடித் தெரியும், இல்லாததில சும்மா எழுத்து. வேற ஆரிட்ட இருக்கு?"

"அவரிட்ட மட்டும்."

"நான் போட்டதுக்கு மேல ஏதும் பூட்டினீங்களோ?"

சொன்னாள்.

"அட புள்ள! சந்தைக்குள்ள எல்லாரும் சும்மா வர, நீங்க மட்டும் முகமூடி போட்டு வந்தா ஆரைத் திரும்பிப் பாப்பாங்கள்? உடன மூடுங்கோ."

மூடியிருக்கலாம். பேரத்தில் எதிராளி கையில் எவ்வளவு இருக்கிறது என்று அறியாமல் எழுந்து போகத் தெரியாதவள் அவள். எழுத்துருவை அழித்தாள். இரண்டாவது முறையாகத் தன் கையெழுத்தை இழந்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள்.

சாதாரண எழுத்து. வேறு வாசகங்கள்.

மொழி: தமிழ்.
நேரம்: லண்டன்.
இடம்: வவுனியா.
சற்றுமுன் அழித்த எழுத்து: ஒன்று.
இதே மாதிரியான கணினி: ஒன்று.

பக்கத்து வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. விரலால் பக்கத்தை மெல்லக் கீழே நகர்த்தினாள்.

இப்போது பார்ப்பவர்கள்: இரண்டு பேர்.

ஒன்று அவள். மற்றது நானா. திரும்ப அழைத்தாள்.

"நான் அப்பவே மூடிட்டன். நீங்க இன்னும் மூடயில்லையோ?"

கைபேசியைக் காதில் வைத்தபடியே பக்கத்தை இன்னும் நகர்த்தினாள். அடுத்த வரி.

இருவரும் வந்த இணைய இணைப்பு: ஒன்றே.

சுவரோரம் வைஃபைப் பெட்டி பச்சையாய்க் கண் சிமிட்டியது. இந்த வீட்டு இணைப்பு. அதன் கடவுச்சொல்லை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. அவளது கைபேசி ஓடியது சிம் இணைப்பில். வேறு கருவி எதுவும் இல்லை.

இரண்டாமவர் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்: மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிடம்.

சுவர்க் கடிகாரத்தில் நாலரை. அப்படியென்றால் பன்னிரண்டு ஐம்பது. அப்போது அவள் கடைத்தெருவில் நின்றாள். ஒன்றரைக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். வெளிக்கதவு பூட்டியபடியே இருந்தது. குசினியில் சாப்பிட்டாள். முன்னறையில் வந்து இருந்தாள்.

"புள்ள? புள்ள, கேக்குதோ?"

அவள் கைபேசியை மடியில் வைத்தாள். திரும்பினாள். படுக்கையறைக் கதவின் அடியில் மெல்லிய நீல வெளிச்சம். கணினித் திரையின் வெளிச்சம். நடுவில் இரண்டு நிழல். ஒவ்வொன்றும் ஒரு பாத அகலம்.

வீட்டில் அறை மூன்று.

வந்தபின் அவள் போனது இரண்டுக்கு.

மிச்சம் ஒன்று.