தூக்கிட்டேன்

சுந்தரராமன் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குள் நுழைந்தபோது உச்சிப்பொழுது. மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் வந்தவர், சந்து குறுகிப்போனதால் இறங்கி, காயப்போட்ட வலைகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். முப்பது வருஷம் கோர்ட்டில் தமிழ் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். ஒரு கால்புள்ளிகூடப் பிசகியதில்லை என்று ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள். அந்த மாலையை மனிதர் மனசுக்குள் இன்னும் கழற்றவில்லை.

வருகிற வியாழன் விடியலில் வைரவனைத் தூக்கில் போடப் போகிறார்கள். மனைவி கன்னியம்மாவைத் தொங்கவிட்டுக் கொன்றான் என்று தீர்ப்பு. கருணை மனுவும் தள்ளுபடி. அவன் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இவர்தான் என்று தெரிந்து, அவன் தங்கை தேசம்மா எப்படியோ இவர் நம்பரைப் பிடித்து, "ஒரே ஒரு வாட்டி வூட்டாண்ட வந்துட்டுப் போ சார்" என்று அழுதாள். இன்று செவ்வாய்.

ஒரே அறை. தகரக் கூரை. குறுக்கே ஓர் இரும்புக் குழாய்.

"அண்ணி அதுலதான் மாட்டிக்கினுச்சு. அண்ணன் பாத்துட்டு ஓடியாந்து, கால கட்டிப் புடிச்சு மேல தூக்கிக்கினே கத்திக்கீது. திருவிழா மேளத்துல யாருக்குங் கேக்கல சார். கடேசில கை வுட்டுப்போச்சு. மாஜிஸ்ட்ரேட்டு கேட்டப்பவும் அதாஞ் சொல்லிச்சு, 'நான்தான் அவளத் தூக்கிட்டேன்'னு."

சுந்தரராமனுக்குப் பொட்டில் அறைந்தது போல் இருந்தது.

அந்தச் சொல்லை அவர் காகிதத்தில்தான் பார்த்திருந்தார், காதால் கேட்டதில்லை. பேப்பரில் தினமும் 'தூக்கிட்டு தற்கொலை' என்று வருகிறது. அச்சில் தூக்கிட்டேன் என்றால் கழுத்தில் கயிறு மாட்டினேன். குப்பத்து வாயில் அது தூக்கிப் பிடித்தேன். அவர் வீட்டுத் தமிழில் அதைத் தூக்கிண்டேன் என்பார்கள். அதனால்தான் உறைக்கவே இல்லை. 'அவளைத் தூக்கில் தொங்கவிட்டேன்' என்று அவர் பெயர்த்த அந்த ஒரு வரி ஆங்கிலம் தீர்ப்பில் மூன்று இடத்தில் இருக்கிறது.

"இன்னா சார், மூஞ்சி இப்டி வேத்துக்கினு கீது? இரு, தண்ணி கொண்டாறேன்." தேசம்மா வெளியே போனாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கடல் சத்தம் நின்றுவிட்டது. எங்கிருந்தோ ஈர வலையின் வாடை.

தோளில் ஏதோ பட்டது.

சில்லிட்ட கால்விரல்.

அதில் மெட்டி.

அண்ணாந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கைகள் மட்டும் தாமாக உயர்ந்து இரண்டு கெண்டைக்கால்களைக் கட்டிக்கொண்டன. கனம் என்றால் அப்படியொரு கனம்.

"தூக்கு" என்றது மேலிருந்து நெரிபட்ட குரல். "தூக்கு..."

தூக்கினார். கத்தப் பார்த்தார், குரல் வரவில்லை. புஜம் நடுங்கியது, முழங்கால் மடங்கியது. ஒரு நிமிஷம் தாங்கியிருப்பாரா? கை விட்டுப்போயிற்று.

குழாய் கிறீச்சிட்டது.

தேசம்மா சொம்போடு வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து குழந்தை போல அழுதுகொண்டிருந்தார். மேலே வெறும் குழாய்தான் இருந்தது.

அங்கிருந்து நேரே வைரவனின் வக்கீல் இஃப்ராவிடம் ஓடினார். தப்பு என்னுடையது என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை அவள் மனுவோடு கோர்ட்டுக்கு ஓடினாள். சாயங்காலம் போன் செய்தாள்.

"தள்ளிட்டாங்க சார். மொழிபெயர்ப்பு சரின்னு அன்னிக்குச் சான்று கொடுத்ததும் இதே ஆள்தானேன்னு கேட்டாங்க. உங்க பழைய கையெழுத்த நம்பறாங்க. புதுசை நம்பல."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. வியாழன் விடியும்வரை சுந்தரராமன் கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மணி ஆறானதும் அவர் மனைவி காமாக்ஷி காப்பியோடு வந்தாள்.

"ஏன்னா, என்ன இது? அன்னிக்கு அந்தக் குப்பத்துக்குப் போயிட்டு வந்ததிலேர்ந்து எந்தச் சட்டை போட்டுண்டாலும் தோள்ல மணல். இப்போ இந்தப் பக்கமும் வந்துடுத்தே!"

அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது தோளில் சின்ன விரல்களின் தடம். அது செவ்வாயிலிருந்தே இருப்பது. வலது தோளில் இருந்தது பெரிய பாதம். ஆண்பிள்ளையுடைய பாதம். இன்னும் ஈரம் காயவில்லை.

மேலே பார்க்காமலே சுந்தரராமன் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.