ஊசிக்கு மட்டும் கேட்டது

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் இசைத்தட்டில் நான்கு நொடி இடைவெளி வரும். அந்த இடைவெளியில் யாரோ தட்டினார்கள்.

ஊர்சுலா அதை முதலில் கேட்டது செப்டம்பர் கடைசியில். செல்லோ வாத்தியம் ஓய்ந்து, அறைக்குள் ஊசியின் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியிருந்தபோது, கனமான எதையோ கனமான இன்னொன்றின்மேல் தட்டுவதுபோல ஒரே சீராக அந்தச் சத்தம் வந்தது. நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்குவது அவளுடைய வேலை. சாட்சி முணுமுணுத்ததையும் வக்கீல் இருமலோடு சேர்த்து விழுங்கியதையும் இருபத்திரண்டு வருடமாகப் பிரித்தெடுத்துப் பழகிய காது அவளுடையது. தட்டில் கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை கேட்கும். இது அப்படி வரவில்லை. வேறு தட்டைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் இருந்தது.

சுரங்க ஊரான பித்தோமில் யாரைக் கேட்டாலும் தரையைத்தான் கைகாட்டுவார்கள். ஊருக்கு அடியில் தலைமுறை தலைமுறையாக நிலக்கரி வெட்டியிருந்தார்கள். சுரங்கத்தை மூடி இருபது வருடம் ஆகியும் நிலம் இன்னும் அமர்ந்துகொண்டுதான் இருந்தது. ஊர்சுலா குடியிருந்த செங்கல் கட்டடத்தில் ஒரு கதவும் நேராக நிற்காது. வருடத்துக்கு ஒருமுறை ஆசாரியைக் கூப்பிட்டு அடிப்பக்கத்தை இழைத்துவிட வேண்டும். அவளுடைய வீடு தரைத்தளத்தில். நிலத்தின் சிறு அசைவுகூடப் பலகைத் தரை வழியாக ஏறி, மேசையில் ஏறி, ஊசி வரைக்கும் வந்துவிடும் என்று அவளே முடிவு கட்டினாள். ஒலிக்கருவிகளுக்குத் தாங்கிகள் செய்து பொருத்துகிற எரிக்கை அழைத்தாள்.

எரிக் அக்டோபர் கடைசி வாரம் வந்தான். முப்பது வயது, வாய் ஓயாத ஆள். கனத்த இரும்புத் தாங்கி ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, அதன் குழாய்க்கால்களுக்குள் புனல் வைத்துக் காய்ந்த மணலை நிரப்பினான். ஒவ்வொரு காலின் அடியிலும் கூர்முனை. கூர்முனைக்கு அடியில் பித்தளை வட்டு. மேல்தட்டில் நான்கு ஸ்பிரிங்குகள்மேல் மிதக்கிற பலகை. அதன்மேல் கருங்கல் பலகை. அதற்கும் மேலேதான் இசைத்தட்டுக் கருவி. ரசமட்டத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால்மணி நேரம் திருகிக்கொண்டிருந்தான்.

"இப்பப் பாருங்க மேடம்," என்றவன், சுற்றாமல் நின்ற தட்டின்மேல் ஊசியை இறக்கினான். ஒலியைப் பெரிதாகத் திருப்பிவிட்டு, அறை நடுவில் நின்று இரண்டு காலாலும் குதித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை.

"கேட்டுச்சா?"

"இல்ல."

"கேக்காது. ஸ்பிரிங்குக்குக் கீழ உலகமே இடிஞ்சு விழுந்தாலும் இனிமே ஊசிக்குத் தெரியாது. என் மாமியார் வந்து நடந்தாக்கூடத் தெரியாது, அவங்க வந்தா எங்க தெருவே ஆடும்."

ஊர்சுலா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நவம்பர் முதல் தேதி, மதியம் தாண்டியதும் கட்டடம் காலியாகத் தொடங்கியது. எல்லோரும் கல்லறைக்குப் போகிற நாள். மேல்வீட்டு கிசேலா, ஒரு கையில் சாமந்தித் தொட்டியும் மறு கையில் விளக்குகள் நிறைந்த பையுமாக வாசலில் வந்து நின்றாள். இரண்டு வீட்டுச் சாவியும் இரண்டு பேரிடமும் இருக்கும், அவ்வளவு பழக்கம்.

"என்னடி, இன்னும் செருப்பக்கூட மாட்டல. வரலையா?"

"காலைலயே போய்ட்டு வந்துட்டேன். கூட்டம் சேர்றதுக்கு முந்தி."

"கூட்டத்தப் பாத்தா ஒனக்கு ஆகாது. பொணத்துக்குப் பொறுமை இருக்கு, ஒனக்கு இல்ல." கசகசா கேக் இருந்த தட்டை நீட்டினாள். "தின்னுட்டு ஒன் பெட்டிய வெச்சுக் கேளு. இன்னிக்கு மேல நடக்க ஆளில்ல. சாயங்காலம் வந்து எட்டிப் பாக்குறேன்."

வாசற்கதவு சாத்திக்கொண்டது. படிக்கட்டில் காலடி, முற்றத்துக் கல்லில் காலடி, பிறகு தெருவோடு போய்க் கரைந்த பேச்சு. நான்கு மாடியிலும் ஒரு குழாய்கூடத் திறக்கவில்லை. நனைந்த இலையின் வாசனையும் எங்கிருந்தோ வந்த கரி அடுப்புப் புகையும் ஜன்னல் இடுக்கில் கசிந்தன. ஊர்சுலா கேக்கோடு இசை கேட்கும் அறைக்குள் போய், செல்லோ இசைத்தட்டைச் சுற்றவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

முதல் பாட்டு முடிந்தது.

தட்டினார்கள்.

முன்பைவிடத் தெளிவாக. அதுவரை அதைச் சுற்றிக் கம்பளிபோல மூடியிருந்த முனகல்களையெல்லாம், தெருவின் டிராமையும் தரையின் புலம்பலையும், எரிக்கின் ஸ்பிரிங்குகள் துடைத்துவிட்டிருந்தன. மிஞ்சியது தட்டல் மட்டும்.

எழுந்துபோய்ச் சுழற்சியை நிறுத்தினாள். நின்ற தட்டின்மேல் ஊசியை இறக்கி, அவன் செய்ததுபோலவே ஒலியைப் பெரிதாக்கினாள். இரைச்சல். அதற்குள்ளிருந்து, இரும்பின்மேல் இரும்பு படும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஏழில் நின்றது. சற்று இடைவெளி. மறுபடி ஏழு.

மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தாள். பலகையில் மெழுகு வாசனை, வேறொன்றும் இல்லை. சுவரில் வைத்தாள். இல்லை. ஊசியைத் தூக்கினால் அறை அமைதியாக இருந்தது. இறக்கினால் ஏழு.

நடைக்கு வந்தாள். அலமாரிமேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனை எடுத்து எரிக்கைக் கூப்பிட்டாள். பின்னால் குழந்தைகளும் மணியோசையும் கேட்டன. அவனும் கல்லறையில்தான் இருந்தான்.

"ஸ்பிரிங் ஏதாவது தட்டுதா மேடம்?"

"ஸ்பிரிங் இல்ல. எண்ணித் தட்டுறாங்க எரிக். ஏழு. விட்டு, மறுபடி ஏழு."

"தரையிலேர்ந்து வர வாய்ப்பே இல்ல. குதிச்சுக் காட்டினேனே. ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிறது மட்டும்தான் ஊசிக்குக் கேக்கும். கல்லு, கருவி, ஊசி. அவ்வளவுதான்."

"அப்ப கல்லுக்குள்ளேர்ந்தா தட்டுறாங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சுரங்க ஊரில் பிறந்தவன். மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் குழாயில் எப்படித் தட்டுவார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு என்பதெல்லாம் அவனுக்கும் தெரியும்.

"சுரங்கத்துக்குள்ள இப்பத் தண்ணிதான் மேடம் நிக்குது," என்றான், குரலை இறக்கி. "இருபது வருசமா. ஊசியத் தூக்கி வெச்சுட்டு வெளிய ஒரு நடை போய்ட்டு வாங்க. நாளைக்கு நான் வர்றேன்."

போனைத் திரும்பச் சார்ஜில் மாட்டினாள். வெளியே போகக் குளிர்கோட்டைக்கூட எடுத்துவிட்டாள். ஒரு கை அதற்குள் நுழைந்தும்விட்டது. ஆனால் தட்டுகிறவர்களுக்குப் பதில் தட்டாமல் போனவன் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், அந்த ஊரில் அவனோடு அப்புறம் யாரும் உட்கார்ந்து குடிக்க மாட்டார்கள். வெளியில் ஆள் இருக்கிறது, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திரு என்பதுதான் பதில் தட்டுக்கு அர்த்தம். இது பைத்தியக்காரத்தனம் என்றும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஏழு என்று எண்ணிய பிறகு அறியாதவள்போல் தெருவில் நடப்பது அதைவிடக் கஷ்டமாகத் தோன்றியது.

கோட்டைத் தொங்கவிட்டுவிட்டு அறைக்குள் போனாள். கருங்கல் பலகை சில்லென்றிருந்தது. விரல் முட்டியால் மூன்றுமுறை தட்டினாள்.

தட்டல் நின்றது.

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலுக்குள் ஏதோ நகர்ந்தது. குறுகலான இடத்தில் பல பேர் ஒரே நேரத்தில் தலை நிமிர்த்துவதுபோல, துணி கல்லில் உரசுகிற சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, அவசரமே இல்லாமல், தட்ட ஆரம்பித்தார்கள். ஐந்து. ஆறு. ஏழு.

எட்டு.

கட்டடம் ஒருமுறை அமர்ந்தது. அவ்வப்போது நடப்பதுதான், நாற்காலியில் யாரோ உட்கார்ந்ததுபோல ஒரு சின்ன இறக்கம். அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. பாதி திறந்திருந்த அறைக்கதவு தானாக அசைந்து, சட்டத்துக்குள் போய், இறுக்கமாகப் பொருந்திக்கொண்டது.

பிடியைத் திருகி இழுத்தாள். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். கதவு வழக்கமாக இறுகினால் மரம் முனகும். இப்போது முனகல் இல்லை. சுவரோடு சுவராக வார்த்துவிட்டதுபோல் இருந்தது. போன் அந்தப் பக்கம், நடையில். ஜன்னலுக்கு வெளியே தரைத்தளத்துக்குப் போட்ட இரும்புக்கம்பிகள்.

உள்ளங்கையால் கதவை அறைந்தாள்.

சத்தம் வரவில்லை.

கை எரிந்தது. உள்ளங்கை சிவந்தது. கதவிலிருந்து சத்தம் வரவில்லை. அவளுக்குப் பின்னால், ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மரத்தில் கை படும் சத்தம், தூரத்தில், இரைச்சலுக்கு அடியில்.

மறுபடி அறைந்தாள். மறுபடி ஸ்பீக்கரில்.

காலை ஓங்கித் தரையை மிதித்தாள். தரை அசையவில்லை. ஸ்பீக்கரில் மிதி கேட்டது. "யாராவது இருக்கீங்களா" என்றாள். தொண்டை அதிர்ந்தது, உதடு அசைந்தது. அவளுடைய குரலும் அங்கிருந்துதான் வந்தது, மணல் வழியாக வடிந்ததுபோல, ஒரு கீறலாக.

ஊசியைத் தூக்கிவிடலாம் என்று கை போனது. பாதி வழியில் நின்றது. அவளுடைய சத்தம் இப்போது இந்த உலகத்தில் வெளிவருகிற இடம் அது ஒன்றுதான். கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு முற்றத்து விளக்கு எரிந்தது. கல்லறையிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். ஊர்சுலா கம்பிகளுக்கு இப்பால் கண்ணாடியை இரண்டு முஷ்டியாலும் அடித்தாள். மூன்றாம் மாடிக்காரர் ஜன்னலை ஒட்டி நடந்தார். அவர் மனைவி நின்று, கண்ணாடியைப் பார்த்து, கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டாள். ஊர்சுலாவின் முகத்துக்கு நேர் எதிரே. ஒரு சாண் தூரத்தில். சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஸ்பீக்கரில் முஷ்டி அடிக்கிற சத்தம். அதோடு சேர்ந்து, எட்டு. விட்டு, எட்டு.

வாசலில் சாவி திரும்பியது.

"ஊர்சுலா?" கிசேலாவின் குரல். "தூங்கிட்டியாடி?"

அறைக்கதவு திறந்தது. ஒரு விரல் பட்டதும், சத்தமில்லாமல், லேசாக. நடை வெளிச்சம் உள்ளே விழுந்தது. கிசேலா நின்றாள், தோளில் பனி ஈரம், கையில் மெழுகு வாசனை. ஊர்சுலா ஓடினாள். திறந்திருந்த வாசலின் நடுவில் அவளுடைய கைகள் கல்லில் மோதின. குளிர்ந்த, ஈரமான கல். அதை அவள் கண்ணால் காணவில்லை. அதற்கு அந்தப் பக்கம் கிசேலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நாற்காலி. தொடாத கேக். தாங்கி.

"கேக்கக்கூடத் தின்னல. எங்க போனா இவ?"

கிசேலா உள்ளே வந்தாள். கல்லுக்குள் அவளுக்கு மட்டும் வழி இருந்தது. ஊர்சுலாவைத் தாண்டிப் போனாள். கோட்டின் விளிம்பு எங்கும் படவில்லை. ஊர்சுலா அவள் காதருகில் கத்தினாள். ஸ்பீக்கரில் கீறல். கிசேலா முகத்தைச் சுளித்தாள். தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்டாள்.

கேட்டாள்.

"கர்ருகர்ருன்னு என்ன இது. இதக்கூட நிறுத்தாமப் போயிருக்கா."

வேண்டாம், கிசேலா. வேண்டாம்.

கிசேலா ஊசியைத் தாங்கும் கம்பியை இரண்டு விரலால் பிடித்தாள். அது விலை உயர்ந்த சாமான் என்று அவளுக்குத் தெரியும். மிக மெதுவாக, பத்திரமாக, தூக்கி அதன் இடத்தில் வைத்தாள்.

சத்தம் அறுந்தது. ஊர்சுலாவின் வாய் திறந்தே இருந்தது.

கிசேலா வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். கதவின் கீழே இருந்த வெளிச்சக் கோடு சிறிது நேரம் நின்றது, பிறகு அதுவும் போயிற்று.

ஈரக்கரி வாசனை. மூச்சுவிட இடம் போதவில்லை. தோளோடு தோளாக, இரண்டு பக்கமும், யாரோ நெருங்கி உட்கார இடம் ஒதுக்கிக்கொடுத்தார்கள். சொரசொரப்பான ஒரு கை இருட்டில் தடவி அவளுடைய கையைத் தேடிப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதற்குள் ஒரு இரும்புத் துண்டை வைத்தது.

ஏழு பேர் தட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.