பயிற்சி முடிஞ்சது, காபி ஆறுது

முற்றத்தில் இருந்த இரும்பு மூடியின் மேல் மட்டும் பனி இல்லை.

சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. நாள் கணக்காகக் கொட்டிய பனி ஒரு குருவிக்கால் தடம்கூடப் படாமல் விரிந்திருக்க, நடுவில் அந்த மூடி மட்டும் கறுப்பாக, ஈரமாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கட்டடத்தின் அடியில் இருக்கும் பதுங்கறையிலிருந்து அவசரத்துக்கு ஊர்ந்து வெளியேறும் சுரங்கம் அங்கேதான் முடிகிறது.

"நீங்க கூட்டினீங்களா?" என்று கணவரிடம் கேட்டாள் மார்கெத்தா.

"இல்ல," என்றார் இல்போ. "என் முட்டிய வச்சுக்கிட்டு அங்க எங்க போறது?"

ஞாயிறு பிற்பகல்தான். ஆனால் பின்லாந்தின் தாம்பெரே நகரத்தில் டிசம்பர் வெளிச்சம் அதற்குள் அணைந்துவிட்டது. பயிற்சிக்கு எல்லோரும் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூடியைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

போன குளிர்காலத்தில் பக்கத்துக் கட்டடத்தில் ஒருவன் கத்தியோடு கதவு கதவாகத் தட்டியிருந்தான். 'அடிபட்டிருக்கு, காப்பாத்துங்க' என்ற அழுகுரலை நம்பி ஒரு பெண் திறந்தாள். அவளைப் புதைத்த மறுவாரம், குடியிருப்பின் பாதுகாப்புப் பொறுப்பை மார்கெத்தா ஏற்றுக்கொண்டாள். இன்றைய பயிற்சி அவள் போட்ட திட்டம். எல்லோரும் பதுங்கறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். வெளியே இல்போ நின்று கெஞ்சுவார். யாரும் திறக்கக் கூடாது. கடைசியில் மூன்று தட்டு தட்டி, 'பயிற்சி முடிஞ்சது, காபி ஆறுது' என்று அவர் சொன்னால் மட்டும் திறக்கலாம்.

இல்போ காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். நேற்று ராத்திரி சமையலறையில் ஒத்திகை பார்த்தபோது 'அடிபட்டிருக்கு' என்பதை அடுத்த நிறுத்தத்தின் பெயரைப் போலச் சொன்னார்.

"கொஞ்சம் அழுங்களேன்!"

"எதுக்கு? அடிபடலியே."

உள்ளே பனிச்சறுக்குக் கட்டைகளும் பழைய சைக்கிள்களும் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. ரப்பர் காலணி வாசனை. சின்னப் பிள்ளைகள் தாய் மடியில் நெளிந்தன. கனத்த எஃகுக் கதவை மார்கெத்தா தள்ளிச் சாத்தி இரண்டு நெம்புகோல்களையும் இறக்கியபோது காது அடைத்துக்கொண்டது. கைப்பேசியில் சிக்னல் போயிற்று.

"நான் திறன்னு சொல்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது," என்றாள் உரக்க.

"என் சவுனாக் குளியல் முறை நாலு மணிக்குடி," என்றாள் எதிர்ச்சுவரில் சுரங்கத்துக்குள் போகும் அவசரத் திறப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்த அய்லி அம்மா. "தாமதமானா மேல்மாடிக்காரன் புகுந்திடுவான். அப்புறம் உன்னைத்தான் சும்மா விடமாட்டேன்."

டம். டம்.

"கதவைத் திறங்க. அடிபட்டிருக்கு. காப்பாத்துங்க."

சிரிப்பு வெடித்தது. "அடுத்த நிறுத்தம், ஆஸ்பத்திரி!" என்று கத்தினார் மூன்றாம் மாடி தைஸ்தோ. மார்கெத்தாவும் சிரித்தாள்.

வெளியே சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு இல்போவின் குரல், ஆனால் கதவைப் பார்த்துப் பேசவில்லை.

"யாரது?"

அது அவள் சொல்லிக்கொடுத்ததில் இல்லை.

"மார்கெத்தா. படியில ஒருத்தர் இறங்கி வர்றாங்க. தலை... மார்கெத்தா, திற. திற!"

கதவு அதிர்ந்தது. உள்ளங்கையால் அடிக்கிறார். கடைசிச் சொல்லில் குரல் கிழிந்தது.

"அடேங்கப்பா!" தைஸ்தோ கைதட்டினார். "மனுஷன் இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு?"

மார்கெத்தா எழுந்து ஓடி நெம்புகோலைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது.

"ஏம்மா," தைஸ்தோ சிரித்தபடியே அவள் மணிக்கட்டைப் பிடித்தார், "விதி போட்டவளே மீறலாமா? புருஷன் நல்லா நடிச்சா உடனே இளகிடறதா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். புதைத்த அந்தப் பெண்ணின் முகம் அவள் கண்ணுக்குள் வந்தது. ஒருவேளை நடிப்புதானோ. நேற்று ராத்திரி முழுக்கத் திட்டினாளே, அதற்காக மெனக்கெட்டாரோ. கை நெம்புகோலிலேயே இருந்தது. தூக்கவும் இல்லை, விடவும் இல்லை.

வெளியே ஏதோ சரிந்தது. மாவு மூட்டை போல.

பிறகு அமைதி. காற்றுக் குழாயின் முனகல் மட்டும்.

தட். தட். தட்.

"பயிற்சி முடிஞ்சது, காபி ஆறுது! வாங்க வாங்க, ரொட்டியெல்லாம் சுடச்சுட இருக்கு. பயந்துட்டீங்களா?"

இல்போதான். அறையே மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். நெம்புகோலைத் தூக்கப் போன மார்கெத்தா நின்றாள்.

குரல் இந்தக் கதவிலிருந்து வரவில்லை.

முதுகுப்பக்கம். எதிர்ச்சுவர். அவசரத் திறப்பு. ஊர்ந்துதான் வர முடிகிற சுரங்கம். முட்டி மடங்காத இல்போ.

இவ்வளவு நீளமாக அவர் எப்போது பேசியிருக்கிறார்?

"காபி வாசனை வருதுடி," என்று பெஞ்சின் மேல் ஏறி நின்ற அய்லி அம்மா திறப்பின் கைப்பிடியைத் திருகத் தொடங்கியிருந்தாள். "முடிஞ்சுதுல்ல? நான் சவுனாவுக்குப் போறேன்."

"அய்லி அம்மா, வேண்டாம்..."

அப்போது மார்கெத்தாவின் காலடியில், எஃகுக் கதவின் அந்தப் பக்கம், தரையோடு தரையாக, நகம் கீறியது. மெதுவாக. ஒருமுறை.

"திறக்காதே."

ஏற்ற இறக்கமில்லாமல், அடுத்த நிறுத்தத்தின் பெயரைப் போல.

மார்கெத்தா திரும்பினாள். ஓட நினைத்தாள். சைக்கிள்கள், பிள்ளைகள், கால்கள்.

கைப்பிடி முழுவதும் சுற்றிவிட்டது.

திறப்பு ஒரு சாண் விலகியது. சூடான காற்று. காபி வாசனை. அதற்கு அடியில் வேறொன்று. இருட்டுக்குள்ளிருந்து சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை ஒன்று வந்து விளிம்பைப் பிடித்தது. மார்கெத்தா இல்போவுக்குப் பின்னிய கையுறை. பிறகு இன்னொன்று. பிறகு, அவற்றுக்கு மேலே, மூன்றாவது.

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஆனாலும் அறை முழுக்க அவள் குரல் கேட்டது, அந்த இருட்டுக்குள்ளிருந்து, உரக்க, தெளிவாக:

"திற."