மூன்று முறை தட்டினால்

சினிமாக்காரர்களுக்குக் கடல் பிடிக்கவில்லையாம், எங்கள் ஜவ்வாது மலைக்கு வந்துவிட்டார்கள். மூழ்கிப்போன நீர்மூழ்கிக் கப்பல், உள்ளே மாட்டிக்கொண்ட ஏழு பேர், அவர்களை மீட்கப் படாதபாடு படுகிற கடற்படை. இதுதான் படம்.

"கடல்ல அலை ஆட்டுது. எங்களுக்கு அசையாத கறுப்புத் தண்ணி வேணுங்க" என்றார் மேனேஜர் விஜயராஜ்.

நான் தசரதன், கண்ணமங்கலத்துக்காரன். கிணறு வெட்டும் கிரேன் வைத்திருக்கிறேன். கப்பலின் அறை என்று அவர்கள் செய்திருந்த இரும்புப் பெட்டியைத் தண்ணீரில் இறக்கி ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். சந்தவாசல் தாண்டி மலையேறும் மண்பாதையில், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே வண்டி நின்றபோதுதான் எந்தக் கிணறு என்று தெரிந்தது.

அதை வெட்டியதே நான்தான். நானும் என் தங்கை கலைவாணியின் புருஷன் ஆனந்தனும்.

ஆழத்திலிருந்து கத்தினால் குரல் எதிரொலித்துக் குழம்பும். அதனால் அடியில் நிற்பவன் கடப்பாரையால் பாறையில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் என்னைத் தூக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், நாங்கள் இரண்டு பேர் மட்டும் வேலையில் இருந்த ஒரு பகலில் பக்கச்சுவர் சரிந்து ஆனந்தனை மூடியது. மண்ணுக்கடியிலிருந்து மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று. கிணற்றின் விளிம்பும் விரிசல் விட்டது. கிரேன் உள்ளே விழுந்துவிடும் என்று பயந்து, நானே அதைப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். பொழுது சாயும்வரை அவன் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஊற்று உடைத்துக் கிணறு நிரம்பியது. உடல் கிடைக்கவில்லை.

"சத்தமே வரலம்மா, அந்த நிமிஷமே போய்ட்டான்" என்று தங்கையிடம் சொன்னேன். அன்று முதல் அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் போடும் சோற்றைத்தான் தின்கிறேன்.

இந்தக் கிணறு வேண்டாம் என்று விஜயராஜிடம் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெட்டிக்குள் உட்கார நடிகர் மாட்டேன் என்றுவிட்டார். முதுகும் கையும்தானே தெரியப் போகிறது என்று, என்னோடு வந்து பெட்டிக்கு வெல்டிங் வைத்த என் மகன் ரமேஷையே உட்காரச் சொன்னார்கள். காற்றுக்கு மேலிருந்து ஒரு குழாய். பெட்டியின் கண்ணாடி வழியாகப் படமெடுக்க, முதுகில் சிலிண்டரோடு கேமராக்காரர் தண்ணீருக்குள் இருந்தார்.

"தூக்கணும்னா இன்னா செய்யட்டும்பா?" என்று ரமேஷ் கேட்டான்.

"மூணு தட்டு தட்டு" என்றேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எந்தக் கிணற்றங்கரையில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை, மடையன்.

உச்சி வெயில். பெட்டி முங்கி, கறுப்புத் தண்ணீர் அதன்மேல் மூடிக்கொண்டது. டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார்.

டொக். டொக். டொக்.

உடனே தூக்கினேன். மூடியைத் திறந்தால் ரமேஷ் முறைத்தான். "இன்னாத்துக்குத் தூக்கின? நான் தட்டவே இல்லியே."

டைரக்டர் என்னை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். இனி அவர் சொல்லாமல் நெம்புகோலில் கை வைக்கக் கூடாதாம். பெட்டியை மறுபடி இறக்கினேன். புதிதாக வெட்டிய ஈரமண்ணின் வாசனை கிணற்றிலிருந்து ஏறி வந்தது. அங்கே ஒரு பிடி மண்ணையும் யாரும் வெட்டவில்லை.

டொக். டொக். டொக்.

"தூக்காதீங்க! ஷாட் போய்ட்டிருக்கு!"

நான் தூக்கவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டொக். டொக்... டொக்.

தட்டு மெதுவாகிக்கொண்டே வந்தது. அது ரமேஷாக இருந்தால்? ரமேஷ் இல்லை என்றால்? அப்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கேமராக்காரர் மேலே வந்தார். முகமூடியைப் பிடுங்கி எறிந்தார்.

"பையன் கண்ண மூடிக்கிட்டு அசையாம கெடக்கான். குழாய் மடங்கிடுச்சு போல. தூக்குங்க!"

"தட்டுறது யாரு?" என்று டைரக்டர் கேட்டார்.

"அவனில்ல சார். அது பெட்டிக்கும் கீழேருந்து வருது."

நெம்புகோலை இழுத்தேன். எஞ்சின் உறுமியது, புகை கக்கியது. கம்பிக் கயிறு விறைத்து நின்றது, பெட்டி ஓர் அங்குலம் ஏறவில்லை. பாறாங்கல்லையே பத்துப் பத்தாகத் தூக்கும் கிரேன் அது. இப்போது அதன் முன்கால்கள் கிணற்றுப் பக்கம் சாயத் தொடங்கின.

"எறங்கி ஓடிடுங்க! கிரேன் வுழுந்துடும்!" என்று விஜயராஜ் கத்தினார்.

இந்த முறை நான் ஓடவில்லை. உள்ளே இருப்பது என் பிள்ளை.

அத்தனை பேர் முன்னாலும் கிணற்றைப் பார்த்துக் கத்தினேன். "டேய் ஆனந்தா! நீ தட்டுனது எனக்குக் கேட்டுச்சுடா! கேட்டும் வுட்டுட்டுப் போனேன். தப்பு என்னுது. புள்ளைய வுட்டுடு. உன்னையும் தூக்கிடுறேன், சத்தியமா தூக்கிடுறேன்!"

தட்டு நின்றது.

கயிறு தானாக இளகியது. பெட்டி சரசரவென்று மேலே வந்தது.

ரமேஷை வெளியே இழுத்துப் போட்டு மார்பை அழுத்தினார்கள். இருமினான். மூச்சு வந்தது. நான் மண்ணில் விழுந்து வாய்விட்டு அழுதேன். பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ஆனால் அவனுடைய பத்து நகங்களிலும் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் துண்டால் துடைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அவன் சன்னல் வழியாக வெயிலையே பார்த்துக்கொண்டு வந்தான். பயந்திருக்கிறான், தூங்கினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். கிணற்றில் நடந்ததை வீட்டில் யாருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. அடுக்களையில் என் தங்கை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் இவனுக்கு அத்தை. பேச்சு வந்த நாளிலிருந்து இவன் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

"கலைவாணி" என்றான். "பசிக்குதும்மே."

குரல் ரமேஷுடையதுதான்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. யாருடா பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவள் அதட்ட வேண்டும், அதட்டிவிடு தாயே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"தோ, எடுத்துக்கினு வர்றேங்க" என்றாள் என் தங்கை.