ஏறிக்கொண்டே போன கோடு

லமீஸின் அம்மா ஏணியிலிருந்து விழுந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

எல்லாம் தண்ணீர்த் தொட்டியால் வந்த வினை. முல்லா வீதியில் அவர்கள் வீட்டுக்கு விடிகாலை ஐந்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அது முதலில் தரைக்குள் இருக்கும் கீழ்த்தொட்டியில் நிறையும். பிறகு மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். நிறைந்துவிட்டதா என்று பார்க்க, அம்மா தினமும் ஏணி ஏறி மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பார். முந்தின நாள் மழையில் ஏணி நனைந்திருந்தது. கால் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

இப்போது அவர் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, இன்னொன்று பாக்கி. எழுந்து நிற்க இரண்டு மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. துணைக்கு இருந்த பெரியம்மா மஹீரா கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினால் இரண்டு வாய், அவ்வளவுதான். வீட்டிலிருந்து யார் போனாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா?

இருக்கிறது என்றால் நம்ப மாட்டார். "ஏறிப் பாத்தீங்களா?" என்பார். ஏறிப் பார்த்தோம் என்றால் பயந்து அழுவார்.

லமீஸின் தகப்பனார், அத்தா பக்ருதீன், தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் மின்சாரப் பெட்டிகளுக்கு வயரிங் செய்பவர். அம்மா விழுந்த மறுவாரமே, தொட்டி மூடிக்கு அடியில் ஓர் அளவுக் கருவியைப் பொருத்தினார். மோட்டாரையும் போனிலிருந்தே போடும்படி செய்தார். முன்பே செய்திருந்தால் என்ன என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு எண்ணை அனுப்பியது. 31, 33, 36 என்று எண்கள் வரிசையாக வந்து குவிந்தன. அம்மாவிடம் இதைக் காட்டி என்ன சொல்வது?

லமீஸ் ஏழாம் வகுப்பு. பள்ளிக் கணினி வகுப்பில் எண்களைப் படமாக மாற்றக் கற்றிருந்தாள். காலாண்டு விடுமுறை வேறு. இரண்டு நாள் உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு டாஷ்போர்டு செய்தாள். வாசற்கதவு பூட்டியிருக்கிறதா, எந்த விளக்கு எரிகிறது, தொட்டி எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். நடுவில் தொட்டிக்கு ஒரு நீலக் கோடு.

புதன்கிழமை அதை அம்மாவின் போனில் திறந்து காட்டினாள். கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தார். "ஏறுதே" என்றார். அன்று கஞ்சி முழுக் கிண்ணமும் காலியானது.

வியாழக்கிழமையும் கோடு ஏறுமுகம். தொட்டி நிறைந்து கிடக்கிறது, மோட்டார் வேண்டாம் என்று லமீஸ் சொல்லிவிட்டாள். அத்தாவும் வேலைக்குப் போகும் அவசரத்தில் சரி என்றார். வெள்ளிக்கிழமை காலை கோடு படத்தின் உச்சியைத் தொட்டுவிட்டது. அம்மாவே போன் செய்து, தொட்டி தளும்பப்போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். குரலில் பழைய அம்மா கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

அத்தா ஜும்மா தொழுகைக்காகப் பகலில் வீட்டுக்கு வந்து குளிக்கப் போனார். தலையில் ஷாம்பு தேய்த்திருந்த நேரம், குழாய் ஒரு தடவை இருமியது. அப்புறம் காற்றுதான் வந்தது. ஆறு வயதுத் தம்பி ஃபவாஸ் வீட்டில் இருந்த எல்லாக் குழாயையும் ஓடி ஓடித் திருகிப் பார்த்துவிட்டு, "எதுலயும் வரல அத்தா" என்று அறிவித்தான்.

அத்தா கண்ணை மூடிக்கொண்டு நுரையோடு வெளியே வந்தார். "கருவி மூடியிலதானம்மா தொங்குது. தண்ணி அதுக்கு எவ்ளோ கீழ இருக்குன்னுதான் அது சொல்லும்."

லமீஸ் போனை எடுத்துக் கோட்டை மறுபடி பார்த்தாள். தண்ணீர் குறையக் குறைய எண் ஏறும். எண் ஏற ஏறக் கோடும் ஏறும். மூன்று நாளாக அம்மாவைச் சாப்பிட வைத்தது தொட்டி காலியாகிக்கொண்டிருந்த கோடு.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார் அத்தா. மோட்டார் ஏற்றி முடிக்கும்வரை நிற்க நேரமில்லாததால், கீழ்த்தொட்டியிலிருந்து நாலு வாளி இறைத்துக்கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அம்மா பக்கத்துக் கட்டில் அமிர்தவல்லியிடம் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என் மகள் செய்தது, பாருங்கள் தண்ணீர் எவ்வளவு என்று பெருமை வேறு. லமீஸால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. பொய்யான கோட்டை நம்பி அம்மா எத்தனை நாள் சாப்பிடுவார்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அமிர்தவல்லி பாகூர்ப் பக்கத்து விவசாயி. "அட, எங்க கெணத்துக் கயிறு மாதிரி இல்ல இருக்கு. கயிறு எவ்ளோ நீளமா எறங்குதோ, தண்ணி அவ்ளோ கொறச்சல்" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"படுத்துக்கிட்டே பாத்து மட்டும் என்ன ஆவப்போவுது? நான் அந்த வீட்டுக்கு ஒதவாம போயிட்டேன் லமீசு" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி ஆறி, ஏடு படிந்து, அப்படியே திரும்பிப் போனது.

பஸ்ஸில் வரும்போது லமீஸுக்கு 'பாத்து மட்டும்' என்று அம்மா சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் பக்கத்தைத் திருத்தினாள். கோட்டை எடுத்துவிட்டு ஒரு தொட்டியை வரைந்தாள். உள்ளே நீலம் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் காலி. ஃபவாஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ஒரு நொடியில், "அடியில கொஞ்சூண்டுதான் கெடக்கு" என்றான். அவனுக்கே புரிந்தால் யாருக்கும் புரியும்.

பிறகு, தொட்டிக்குக் கீழே பெரிதாக ஒரு பொத்தான் வைத்தாள். மோட்டார்.

அம்மா அதை அழுத்தும்வரை வாளித் தண்ணீரே போதும் என்றாள். அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. நேரத்துக்குத் தானாக ஓடித் தானாக நிற்கும்படி அவரே ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். நோயாளியை ஏன் சிரமப்படுத்த வேண்டும்?

"எல்லாம் தானா நடந்துட்டா, அம்மாவுக்கு இங்க என்ன வேலை அத்தா?" என்றாள் லமீஸ்.

அத்தா கொஞ்ச நேரம் கழித்துத் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய், மேல்தொட்டி நிறைந்தாலோ கீழ்த்தொட்டி காலியானாலோ மோட்டார் நின்றுவிடும்படி மட்டும் செய்துவிட்டு வந்தார்.

அன்று மாலை லமீஸ் புதிய பக்கத்தைத் திறந்து, போனை அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். அம்மா திரும்பவில்லை. "இனிமே நாங்க மோட்டார் போட மாட்டோம். நீதாம்மா போடணும்" என்று சுவரைப் பார்த்திருந்த அந்த முகத்திடம் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குக் கீழ்த்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் விழித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆறு ஆனது, ஏழும் ஆனது. மோட்டார் ஓடவில்லை. அத்தா வாளியையும் கயிற்றையும் எடுத்தார்.

திங்களும் அப்படியே போனது. பாத்திரம் கழுவாமல் சேர்ந்தது. கழிவறைக்கு வாளி தூக்கித் தூக்கி லமீஸின் உள்ளங்கை சிவந்தது. பெரியம்மா போனில், அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்றார். அத்தா மோட்டார் சுவிட்சு வரைக்கும் போய்விட்டார். லமீஸ் குறுக்கே நின்றாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அத்தா" என்றாள். தான் செய்தது உதவியா, கொடுமையா என்று அவளுக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தும் மோட்டார் ஓடவில்லை. ஆறுக்கு அத்தா எழுந்து வாளியைத் தேடிப் போனார். லமீஸ் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். இனி எழுந்து என்ன செய்ய?

ஆறு பத்துக்கு மோட்டார் உறுமியது.

அத்தா வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றார். ஃபவாஸ் மட்டும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "யாரு போட்டது?" என்று கேட்டான்.

கால் மணி நேரம் கழித்து அத்தாவின் போன் அடித்தது. அவர் எடுத்த உடனே, காதில் வைக்கத் தேவையே இல்லாத அளவுக்கு அம்மாவின் குரல் கேட்டது.

"மோட்டாரு ஓடிக்கிட்டே இருக்கு, தொட்டியில ஒரு வெரக்கட கூட ஏறல. எந்தக் கொழாய தொறந்து போட்டுட்டு ஒக்காந்திருக்கீங்க?"

லமீஸ் குளியலறைக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமை தண்ணீர் நின்றபோது ஃபவாஸ் திருகிய குழாய்களில் இரண்டு இன்னமும் திறந்தே இருந்தன. குளியலறை முழுக்கத் தண்ணீர். ஒரு சோப்புப்பெட்டி மிதந்து வந்து அவள் காலில் இடித்தது.

குழாய்களை மூடிவிட்டு வந்தபோது அம்மா இன்னும் முடிக்கவில்லை. நான் இல்லை என்றால் வீடு இப்படித்தான் இருக்குமா, தண்ணீர் என்ன சும்மா வருகிறதா, ஃபவாஸ் பல் தேய்த்தானா, மஹீரா கொண்டுவந்த கஞ்சியில் உப்பே இல்லை, இன்னொரு கிண்ணம் கேட்டால் அதிலும் இல்லை.

அத்தா போனை மேசைமேல் வைத்தார். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு வசவுகூட விடாமல் கேட்டார்கள்.