தட்டியில் கலைந்த மணப்பெண்

"ஏந்தாயி, என் மூஞ்சிய எங்க காணோம்?"

கல்யாண மண்டபத்து வாசலில், ஒளித்தட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார் தாய்மாமன் சங்கிலி. தட்டி இரண்டு ஆள் உயரம். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மணப்பெண் பூங்கோதை சிரிப்பாள். கிட்டே வந்தால் கலைந்துபோவாள். அத்தனையும் சொந்தக்காரர்களின் முகங்கள்.

உருப்புள்ளிப் பொறி மதுரைக்கு வந்ததே இதற்காகத்தான். யார் படம் பெரிசு என்று சண்டையில் தட்டியைக் கிழித்து, நின்றுபோன கல்யாணங்கள் அநேகம். இப்போது எந்த முகம் எவ்வளவு பெரிசு என்பதைப் பொறியே முடிவு செய்தது. பழைய செய்தித்தாள் படங்களில் கரும்புள்ளிகள் இருக்குமே, அதே வித்தைதான். புள்ளிக்குப் பதில் ஆளின் முகம். இருட்டான இடத்தில் புள்ளி பருக்கும், வெளிச்சத்தில் கடுகாகச் சிறுக்கும். மண்டபக் கதவின் கேமராவான வாசல்கண்ணும் இந்தத் தட்டியைப் பார்த்துத்தான் ஆட்களை அறிந்துகொள்ளும். முழுப்படம் மணப்பெண், புள்ளிகள் விருந்தினர்.

"பல்லுல இருக்கீங்க மாமா" என்றாள் தட்டியைச் செய்த மீனலோசனி.

"சீர் கொண்டாந்தவன் பல்லிடுக்குலயா? என் பங்காளி மட்டும் கொண்டையில பூசணிக்கா மாதிரி உக்காந்திருக்கான்! டேய், சீர்த்தட்ட வண்டியில ஏத்துங்கடா!"

பெண்ணை மேடைக்குக் கைப்பிடித்து அழைத்துப்போக வேண்டியவர் அவர். அவர் போனால் கல்யாணம் நின்றது மாதிரிதான். மீனலோசனி அவசரமாக அவர் முகத்தை இழுத்துக் கூந்தலில் விட்டாள். பொறி அவரைப் பலாப்பழமாக ஊதியது.

"இப்பத்தான் மரியாத!"

உடனே அத்தை வந்தாள். "நான் மட்டும் நெத்தியில எறும்பா?"

கூந்தலில் இடமில்லை. மீனலோசனி நெற்றியைக் கொஞ்சம் இருட்டாக்கினாள். அத்தை பருத்தாள். கன்னத்திலிருந்த சித்தப்பா, "எனக்கும் கொஞ்சம் இருட்டுப் போடும்மா" என்றார். பின்னால் வரிசையே நின்றது. எவ்வளவு இருட்டு வரை ஒரு முகம் முகமாகவே இருக்கும்? மீனலோசனிக்கே பார்க்க ஆசையாயிருந்தது. போட்டுக்கொண்டே போனாள். சாலையைத் தாண்டிப் போய் ஒருவரும் பார்க்கவில்லை.

பூங்கோதை காரிலிருந்து இறங்கி வந்தாள். கண்ணாடிக் கதவு திறக்கவில்லை.

"தெரியாத முகம்" என்றது வாசல்கண். "தாங்கள் யார் வீட்டு விருந்தினர்?"

கூட்டம் சிரித்தது. கதவு அப்படியே நின்றதும் சிரிப்பு அடங்கியது. உள்ளிருந்து ஐயர், "முகூர்த்தம் போறது!" என்று கத்தினார்.

மீனலோசனி சாலையைத் தாண்டி ஓடிப் பார்த்தாள். தட்டியில் பெண்ணே இல்லை. கரிச்சட்டியின் அடி மாதிரி ஒரே கறுப்பு.

திரும்பி வந்து, "எல்லாரும் சின்னதா இருக்கச் சம்மதிச்சா பழைய படத்தையே வச்சிரலாம்" என்றாள்.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா செருப்பைப் பார்த்தார்.

"விடுக்கா" என்றாள் பூங்கோதை. "என்னையும் ஒரு புள்ளியாச் சேத்துரு."

தட்டியில் அவள் கண்ணின் மினுக்கம் ஒன்றுதான் வெள்ளையாக மிஞ்சியிருந்தது. எள்ளளவு இடம். மீனலோசனி அவளை அதில் வைத்தாள்.

கதவு திறந்தது. மாமா பெருமையாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மணமகளின் உறவினரே, வருக!" என்றது வாசல்கண். "பந்தி இடப்பக்கம்."